ஊர் எல்லையில் ஒரு தொழிற்பேட்டை

ஒரு நகரத்தின் வளர்ச்சியை அளப்பதற்குப் பலர் பல கோல்களைக் கையாளுகின்றனர். ஆலைகளின் எண்ணிக்கையைச் சொல்லி மகிழ்வோர் சிலர். அடுக்கு மாடங்களின் உயரத்தைச் சொல்லி மகிழ்வோர் சிலர். முதலீடு இத்தனை கோடி என்று கூறிப் பெருமிதம் கொள்வோர் வேறு சிலர். நான் கையாளும் கோல் மிக எளியது. அந்நகரத்தில் உழைத்துப் பிழைக்கும் ஒருவர் காலையில் தம் வீட்டு வாயிலைக் கடந்து தொழிலிடத்தின் வாயிலை அடைவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு பொருள் செலவாகிறது, உடலில் எவ்வளவு களைப்பு மிஞ்சுகிறது என்று கேட்பேன். இம்மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைக்குமாயின் அந்நகரம் வளர்ந்திருக்கிறது என்பேன். கிடைக்காதாயின் அது வீங்கியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். வளர்ச்சி வேறு, வீக்கம் வேறு அன்றோ?

ஊரின் எல்லைப்புறத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும் ஒரு தொழிற்பேட்டையை அமைக்கும்போது, அங்கே மக்கள் வந்து போகும் வழியையும் உடனிருந்து எண்ணி அமைப்பது எங்ஙனம் என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். நகரமைப்புப் பணியில் பல ஆண்டுகள் வரைபடங்களோடு பழகியவன் என்ற முறையில், இப்பொருளைப் பற்றிப் பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு என்று நான் நம்புகிறேன். வரைபடத்தில் ஒரு கோடு இழுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அக்கோட்டின் பயனை, அல்லது பயனின்மையை, மக்கள் ஐம்பது ஆண்டுகள் அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

‘நீடித்த போக்குவரத்து’ என்னும் தொடர் இக்காலத்தில் அடிக்கடி செவியில் விழுகிறது. அதன் பொருள் கடினமானதன்று. இன்று ஓடுவது போலவே நாளையும் ஓடக்கூடியதும், எரிபொருளை அளவறிந்து செலவிடுவதும், காற்றைக் கெடுக்காததும், குறைந்த ஊதியக்காரருக்கும் எட்டும் கட்டணத்தில் அமைவதுமான போக்குவரத்தே நீடித்த போக்குவரத்தாகும். நடை, சைக்கிள், பஸ், ரயில் என்னும் நான்கும் அதன் தூண்கள். இவற்றுள் எதுவும் புதுமையானதன்று. புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்றே: தொழிற்பேட்டை எழுந்த பிறகு இவற்றை நாடாமல், அது எழுவதற்கு முன்னரே இவற்றை நாட வேண்டும்.

தொழிற்பேட்டைகள் ஏன் ஊர் எல்லையை நாடுகின்றன? நிலம் அங்கே மலிவு. பெரும் பரப்பு ஒரே இடத்தில் கிடைக்கும். லாரிகள் நெருக்கடியின்றி வந்து திரும்பலாம். புகையும் ஓசையும் குடியிருப்போரைத் தாக்குவது குறையும். இவையெல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால், நிலத்தின் மலிவு என்பது ஒருவகையில் கண்ணை மயக்கும் கணக்காகும். தொழில் முதலாளி நிலத்தில் மிச்சப்படுத்திய பணத்தைத் தொழிலாளர்கள் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தம் நேரத்தாலும் பணத்தாலும் செலுத்திக்கொண்டிருப்பார்கள்.

அந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று ஒருவர் நாளொன்றுக்கு 3 மணி நேரம் வழியில் கழிப்பதாகக் கொள்வோம். ஆண்டில் 300 நாள் வேலை என்றால் 900 மணி நேரம் வழியிலேயே போகிறது. எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாக வைத்துப் பார்த்தால், இது 112 வேலை நாட்களுக்கு மேற்பட்டது. ஊதியமில்லாத இந்த நாட்கள் எவர் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டிய மாலையும், முதிய பெற்றோரோடு பேசியிருக்க வேண்டிய பொழுதும், உடல் உறங்க வேண்டிய விடியலும் சேர்ந்ததே அந்த 900 மணி நேரம்.

இனி, சாலைக் கணக்கைப் பார்ப்போம். பத்தாயிரம் பேர் வேலை செய்யும் ஒரு பேட்டை. அனைவரும் ஏறத்தாழ ஒரே மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். எல்லாரும் காரில் வருவதாகவும், நான்கு கார்களுக்கு ஐவர் வீதம் வருவதாகவும் வைத்துக்கொண்டால் 8,000 கார்கள் வேண்டும். சாலையின் ஒரு தடத்தில், தங்குதடையின்றி ஓடினாலும், மணிக்குச் சுமார் 1,800 கார்கள்தாம் செல்ல முடியும். ஆகவே, ஒரு திசைக்கு மட்டும் நான்கு அல்லது ஐந்து தடங்கள் தேவைப்படும். வந்த கார்களை நிறுத்த வேண்டுமே! திரும்பும் வழியையும் சேர்த்து ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் என்றால், 8,000 கார்களுக்கு ஏறத்தாழ 50 ஏக்கர் நிலம் வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் அமர்ந்து வேலை செய்யப் பத்துச் சதுர மீட்டர் போதும். அவருடைய காருக்கோ அதைப்போல் இரண்டரை மடங்கு இடம் வேண்டியிருக்கிறது. உழைப்பவனைவிட அவனுடைய வண்டிக்கு அதிக இடம் தரும் பேட்டையைத் தொழிற்பேட்டை என்பதா, வண்டிப்பேட்டை என்பதா?

அதே பத்தாயிரம் பேரை, ஒன்றுக்கு 60 பேராக ஏற்றிச் செல்ல 167 பஸ் நடைகள் போதும். ஒரு நடைக்கு 2,000 பேரை ஏற்றும் மின்சார ரயிலாயின் ஐந்தே நடைகள். நம் நாட்டில் எல்லாரும் காரில் வருவதில்லை, இருசக்கர வண்டிகளே மிகுதி என்று கூறலாம். மெய்தான். அவை காரைவிடக் குறைந்த இடத்தையே கொள்ளும். ஆனால் லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில், இரவு வேலை முடித்து உறக்கம் கண்ணைச் சொக்க இருசக்கர வண்டியில் திரும்பும் இளைஞனின் உயிருக்கு யார் பொறுப்பு? வேறு வழி இல்லாததால் அவன் ஏறிய வண்டி அது. அதனை அவன் விரும்பித் தேர்ந்ததாகக் கூறுதல் பொருந்தாது.

இக்கணக்குகள் ஏட்டுக் கணக்குகள் அல்ல என்பதை நம் சென்னை மாநகரின் வரலாறே காட்டும்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். மாம்பலத்தில் புதிய மனைப்பகுதி உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. முதலில் பாதை வந்தது. பாதையைப் பற்றிக்கொண்டு, பந்தற்காலைப் பற்றி ஏறும் கொடியைப்போல, குடியிருப்புகள் தெற்கு நோக்கிப் படர்ந்தன. 1958இல் கிண்டியில் சிறுதொழில்களுக்கெனத் தொழிற்பேட்டை அமைந்தபோது, அந்த ரயில் பாதை அங்கே முன்னரே இருந்தது. 404 ஏக்கர் பரப்புள்ள அப்பேட்டைக்குக் கிண்டி நிலையத்தில் இறங்கி நடந்தோ பஸ் ஏறியோ தொழிலாளர் சென்றனர். அடுத்த சில ஆண்டுகளில் அம்பத்தூரில் பெரியதொரு தொழிற்பேட்டை எழுந்தது. அதற்கும் அருகே ரயில் பாதை உண்டு. கொரட்டூருக்கும் அம்பத்தூருக்கும் இடையே பட்டரவாக்கம் நிலையம் அப்பேட்டைத் தொழிலாளருக்கு இறங்குதுறையாக விளங்குகிறது. பஸ்களின் நெற்றியில் ‘அம்பத்தூர் எஸ்டேட்’ என்னும் பெயர் எழுதப்பட்டு, அது ஓர் ஊர்ப்பெயர் போலவே மக்கள் நாவில் வழங்கலாயிற்று.

1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு பெரம்பூரில் தொடங்கிவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டாலும், தொழிற்சாலையோடு தொழிலாளர் குடியிருப்பும் அருகிலேயே அமைந்ததைக் காண்கிறோம். ஆவடிக்கு அப்பால் படைத்துறைக் கிடங்குகளின் பக்கம் ஒரு கிளைப் பாதை பிரிந்து பட்டாபிராம் சைடிங் வரை செல்கிறது. அதில் பயணிகளுக்கான மின்சார ரயில்களும் ஓடுகின்றன. அக்காலத் திட்டங்களில் குறைகள் இல்லாமலில்லை. ஆயினும், வேலையிடம் எங்கே என்று கேட்டவுடன் ரயில் எங்கே என்று கேட்கும் வழக்கம் இருந்தது. சொந்த வண்டி மிகச் சிலரிடமே இருந்த காலமாதலால் அக்கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை என்பதும் உண்மை.

பின்னர் வந்தது கணிப்பொறியின் காலம். 2000ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பறக்கும் ரயில் அப்போது மயிலாப்பூர் வரைதான் வந்திருந்தது. 2004இல் அது திருவான்மியூரை எட்டியது. 2007இல் வேளச்சேரியை அடைந்தது. ஆகவே டைடல் பூங்காவில் வேலை செய்வோருக்கு, நான்கே ஆண்டுகளில், நடந்து போகும் தொலைவில் ரயில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பாதை மேற்கே திரும்பி வேளச்சேரிக்குச் சென்றது. கணிப்பொறி நிறுவனங்களோ தெற்கே திரும்பிப் பழைய மாமல்லபுரம் சாலை வழியாகச் சிறுசேரி வரை சென்றன. பாதை ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்!

மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு தடச் சாலை அமைக்கப்பட்டது. 2008இல் அதற்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயரிடப்பட்டது. சாலை அகலமானதும் நெருக்கடி தீர்ந்துவிடும் என்று பலர் எண்ணினர். அகன்ற சாலை மேலும் வண்டிகளை அழைத்தது. வண்டிகள் மேலும் அகலத்தைக் கேட்டன. வாய்க்காலை ஆழப்படுத்தினால் நீர் அங்கேதான் வந்து சேரும். வெற்றுத் தடத்தைக் கண்டால் வண்டிகளும் அங்கேதான் வந்து சேரும். இறுதியில், மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை செல்லும் தடத்தையும் உள்ளடக்கிய மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. டைடல் பூங்கா திறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் அது நிகழ்ந்தது. கட்டடங்களால் நிறைந்துவிட்ட சாலையின் நடுவே, ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கிடையே தூண் நட்டுப் பாலம் கட்டுவது எத்துணைக் கடினம், எத்துணைச் செலவு என்பதை அவ்வழியே போனவர்கள் அறிவார்கள். காலியாக இருந்த நாளில் நடுவே ஒரு பட்டை நிலத்தை ஒதுக்கி வைத்திருந்தால் அச்செலவிலும் துன்பத்திலும் பெரும்பகுதி குறைந்திருக்கும்.

நம் நாட்டில் மட்டும் நேர்ந்த துன்பம் அன்று இது. பிற நாட்டார் இதற்குக் கண்ட மருந்துகள் இரண்டினை இங்கே கூறுவது பொருந்தும்.

நெதர்லாந்து நாட்டார் 1980களின் இறுதியில் ஓர் எளிய விதியை வகுத்தனர். இடங்களை அவர்கள் மூன்றாகப் பிரித்தனர். பெரிய ரயில் நிலையத்தை ஒட்டிய இடம் முதல் வகை. ரயிலோ பஸ்ஸோ நன்கு கிடைப்பதோடு நெடுஞ்சாலையும் அருகே உள்ள இடம் இரண்டாம் வகை. நெடுஞ்சாலை மட்டுமே உள்ள ஊர்ப்புறம் மூன்றாம் வகை. தொழில்களையும் அவ்வாறே பிரித்தனர். ஆட்கள் மிகுதியாகவும் சரக்குக் குறைவாகவும் உள்ள அலுவலகங்கள் முதல் வகை இடத்துக்கு உரியவை. சரக்கு மிகுதியாகவும் ஆட்கள் குறைவாகவும் உள்ள கிடங்குகள் மூன்றாம் வகை இடத்துக்கு உரியவை. தக்க தொழிலைத் தக்க இடத்தில் வைப்பது என்பதே அதன் சாரம். அதை நடைமுறைப்படுத்துவதில் அவர்களுக்குத் தொல்லைகள் நேர்ந்தன; நிறுவனங்களைப் பிற ஊர்களிடம் இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய நகரங்கள் விதியைத் தளர்த்தியதும் உண்டு. ஆயினும் அந்தப் பாகுபாடு நமக்கு நல்ல வழிகாட்டி.

டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகன் 1947இல் ஒரு திட்டத்தை வரைந்தது. விரித்த கையைப்போல நகரம் வளர வேண்டும். ஒவ்வொரு விரலின் நடுவிலும் ஒரு ரயில் பாதை ஓட வேண்டும். விரல்களுக்கு இடையே வயலும் காடும் எஞ்ச வேண்டும் என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் இதனோடு ஒரு விதியும் சேர்ந்தது. 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய அலுவலகங்கள், பொதுவாக, ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்பதே அவ்விதி. அறுநூறு மீட்டர் என்பது எட்டு நிமிட நடை. ஒருவர் எவ்வளவு தூரம் மனமுவந்து நடப்பார் என்பதை அறிந்து வகுத்த அளவு அது.

நம் மண்ணுக்கும் இத்தகைய சிந்தனை புதிதன்று. ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914இல் சென்னைக்கு வந்து, அதன்பின் இம்மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி ஊரைப் புரிந்துகொள்ள இயலாது என்பது அவருடைய கொள்கை. இடத்தைத் தொழிலோடு சேர்த்துப் பார்த்து, மக்களை மறந்துவிடுவதே இன்றும் நாம் காணும் குறை.

சரி, புதியதொரு பேட்டையை அமைக்கப் புகும் ஊர் என்ன செய்ய வேண்டும்? முறையாகப் பார்ப்போம்.

முதலாவது, இடத் தேர்வு. நிலம் எவ்வளவு மலிவு என்று கேட்பதற்கு முன், ரயில் நிலையமோ பஸ் நிலையமோ எவ்வளவு அருகில் என்று கேட்க வேண்டும். அதனோடு, அந்த நிலத்தில் மழைக்காலத்தில் நீர் எங்கே நிற்கும் என்றும் கேட்க வேண்டும். ஊர் எல்லையில் மலிவாகக் கிடைக்கும் நிலம் பெரும்பாலும் ஏரியின் உட்புறமாகவோ, வடிகாலின் வழியாகவோ இருக்கும். சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்களில் கட்டடங்கள் நெருங்கியதையும், 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் தென்சென்னை பட்ட பாட்டையும் நாம் அறிவோம். 2022இல் அச்சதுப்பு நிலம் உலகச் சிறப்புள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எஞ்சியதையேனும் காப்பது நம் கடன். நீருக்குரிய இடத்தில் பேட்டையைக் கட்டினால், மழை நாளில் பஸ்ஸும் ஓடாது, ரயிலும் உதவாது.

இரண்டாவது, வாயில். இது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால் என் அனுபவத்தில் இதைப்போல் மக்களை வாட்டும் பிழை வேறில்லை. பேட்டையின் பெருவாயில் நெடுஞ்சாலையை நோக்கி அழகாக அமைந்திருக்கும். ரயில் நிலையமோ பின்புறச் சுவருக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருக்கும். பின்புறம் ஒரு வாயில் இல்லாத காரணத்தால், ஐந்து நிமிடத்தில் நடந்து சேர வேண்டியவர் இருபது நிமிடம் சுற்றி வருவார். ஒரு வாயிலும், ஒரு காவலரும், ஒரு விளக்கும் போதும். ஆயிரம் பேரின் நாள் சுருங்காமல் நீளும். பேட்டைக்குள்ளும் தெருக்கள் நீண்ட மதில்களாக இல்லாமல், இருநூறு மீட்டருக்கு ஒரு குறுக்குத் தெருவாக அமையுமாயின் நடை எளிதாகும்.

மூன்றாவது, பஸ். பேட்டையின் முதல் ஆலை திறக்கும் அன்றே முதல் பஸ் வந்தாக வேண்டும். ‘ஆட்கள் சேரட்டும், பிறகு பஸ் விடலாம்’ என்பது வழக்கமான மறுமொழி. ஆட்கள் சேர்வதற்குள் அவரவர் கடன் வாங்கி இருசக்கர வண்டி வாங்கிவிடுவர். பின்னர் வரும் பஸ் காலியாக ஓடும். காலியாக ஓடுகிறது என்று சொல்லி அதையும் நிறுத்திவிடுவர். பழக்கம் முதல் மாதத்திலேயே உருவாகிறது என்பதை மறக்கலாகாது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ரயில் இல்லாத குறையை நிறுவனங்கள் தத்தம் பஸ்களால் ஈடுசெய்கின்றன, அது பாராட்டத்தக்கது. ஆயினும் ஒரே ஊரிலிருந்து ஒரே பேட்டைக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே பாதி நிரம்பிய பஸ்ஸை அனுப்புவதினும், பலர் கூடிப் பொதுவாக விடுவது சிக்கனம். அந்தப் பஸ் சிறு கடைகளிலும் சிற்றாலைகளிலும் வேலை செய்வோரையும் ஏற்றிச் செல்லும். உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவரும், தோட்டம் பெருக்குகிறவரும், காவல் காப்பவரும் பேட்டைக்கு வரத்தான் வேண்டும். அவர்களுக்கு எந்த நிறுவனத்தின் பஸ்ஸிலும் இடமில்லை.

நான்காவது, நடையும் சைக்கிளும். நிமிடத்துக்கு எண்பது மீட்டர் நடப்பவர் பத்து நிமிடத்தில் எண்ணூறு மீட்டர் செல்வார். ஆனால் சித்திரை வெயிலில், நிழலற்ற சாலையில், மூடி உடைந்த சாக்கடையின் மேல் அந்த எண்ணூறு மீட்டர் நான்கு மைலாகத் தோன்றும். கட்டடங்கள் எழுவதற்கு முன்பே வேம்பும் புங்கும் நட்டுவிட்டால், ஆலை ஓடத் தொடங்கும்போது நிழலும் வளர்ந்திருக்கும். சைக்கிளில் மெதுவாகச் சென்றாலும் இருபது நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர் கடக்கலாம். சுற்றுப்புறச் சிற்றூர்கள் பலவும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். லாரி செல்லும் வழியும் சைக்கிள் செல்லும் வழியும் வேறாக இருந்தால் மட்டுமே ஒரு தாய் தன் மகளைச் சைக்கிளில் வேலைக்கு அனுப்பத் துணிவாள்.

ஐந்தாவது, இரவு. ஆலைகள் பலவும் மூன்று முறைகளாக ஓடுகின்றன. இரவு பத்து மணிக்கு ஒரு முறை முடிகிறது. அந்நேரத்துக்கு ஊருக்குள் பஸ்கள் உறங்கப் போய்விடுகின்றன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் இரவில் ஆலைகளில் வேலை செய்வதைத் தடுத்திருந்தது. அத்தடை செல்லாது என்று 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; பாதுகாப்பான போக்குவரத்து முதலிய ஏற்பாடுகளை நிபந்தனையாகவும் வைத்தது. பெண்ணுக்கு வேலை உரிமை உண்டு என்றால், அந்த வேலைக்குப் போய் வீடு திரும்பும் உரிமையும் அதில் அடங்கியதே என்பதுதான் அத்தீர்ப்பு நமக்கு உணர்த்துவது. 2021 மே மாதம் தமிழ்நாட்டு அரசு சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்ல வகை செய்தது. கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. ஆனால் பஸ்ஸே வராத சாலையில் அவ்வுதவி எட்டாக்கனியாகவே இருக்கும்.

ஆறாவது, வீடு. பயணத்தைக் குறைக்கச் சிறந்த வழி, வேலையின் அருகே வாழ இடம் தருவதே. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முயற்சி அது. எனினும் விடுதி வேறு, வீடு வேறு. திருமணமாகிக் குழந்தை பெற்ற பின்னரும் ஒரு பெண் அவ்வேலையில் நீடிக்க வேண்டுமானால், குடும்பம் வாழத்தக்க வீடுகளும், பள்ளியும், மருத்துவமனையும், சந்தையும் அருகே வேண்டும். அப்போதுதான் பேட்டை ஊராகும்.

இவற்றையெல்லாம் கேட்பவர் சிலர், ‘ரயில் வரும்வரை தொழிலை நிறுத்தி வைப்பதா? அதற்குள் ஆலை வேறு மாநிலத்துக்குப் போய்விடுமே!’ என்று வினவக்கூடும். கேள்வி நியாயமானது. ரயில் இல்லாத இடத்தில் ஆலையே கூடாது என்று நான் கூறவில்லை. ரயிலுக்கு வேண்டிய நிலப்பட்டையை இன்றே வரைபடத்தில் ஒதுக்கிவிடலாம். அதில் முதலில் பஸ்ஸுக்கென்று தனித் தடம் ஓடலாம். ஆட்கள் பெருகியதும் அதே பட்டையில் ரயில் ஓடலாம். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. முன்யோசனை ஒன்றே வேண்டும். மேலும், நிலையம் வரப்போகிறது என்ற செய்தி கேட்ட மறுநாளே சுற்றுப்புற நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் எவருடைய உழைப்பாலும் வந்ததன்று. பொதுமக்கள் பணத்தால் வந்தது. அதில் ஒரு பங்கைப் பொதுப் போக்குவரத்துக்கே திருப்பி அளிக்கும்படி விதி செய்வது முறையே.

பணத்தினும் பெரிய தடை ஒன்று உண்டு. நிலம் ஒரு துறையிடம், சாலை ஒரு துறையிடம், பஸ் ஒரு கழகத்திடம், ரயில் மத்திய அரசிடம். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்கின்றனர். ஆனால் ஒரே மேசையில் அமர்ந்து செய்வதில்லை. 2023 இறுதியில் கிளாம்பாக்கத்தில் பெரியதொரு பஸ் முனையம் திறக்கப்பட்டபோது, அதன் எதிரே ஓடிய ரயில் பாதையில் நிலையம் இல்லை. அதைப் பின்னரே கட்ட நேர்ந்தது. சென்னைக்கென ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் அமைக்க 2010இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய ஒரு மேசை, தொழிற்பேட்டை வரவிருக்கும் ஒவ்வோர் ஊருக்கும் வேண்டும்.

இவற்றில் நமக்கு என்ன பங்கு என்று நேயர்கள் எண்ணக்கூடும். 1971ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டம், திட்ட வரைவை வெளியிட்டு மக்களின் கருத்துகளையும் மறுப்புகளையும் கேட்க வேண்டும் என்று விதிக்கிறது. அவ்வாறு ஓர் அறிவிப்பு உங்கள் ஊரில் வருமாயின், எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். முதல் பஸ் எந்த நாளில் வரும்? கடைசி பஸ் எத்தனை மணிக்குப் புறப்படும்? நிலையத்திலிருந்து வாயில் எவ்வளவு தூரம்? வழியில் நிழலும் விளக்கும் உண்டா? மழை பெய்தால் நீர் எங்கே போகும்? இந்த ஐந்து கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். விடை எழுத்தில் வரட்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதில் பயனில்லை என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. வரைபடம் வெறுந்தாளாக இருக்கும்போது ஒரு பென்சில் கோட்டால் முடிகிற காரியம், சிமெண்டும் இரும்பும் ஏறிய பிறகு பல கோடி ரூபாயாலும் எளிதில் முடிவதில்லை. தமிழ்நாட்டின் ஊர்கள் பலவற்றின் எல்லையில் இன்னும் அந்த வெறுந்தாள் இருக்கிறது. அதில் ஆலையை வரையும் கை, அந்த ஆலையில் உழைக்கப்போகும் மனிதர் வீடு திரும்பும் வழியையும் சேர்த்து வரையுமாக.